பச்சைச் சாயம் பூசப்பட்ட மியாசாகி

ஹயாவோ மியாசாகியின் அனிமேஷன் படங்களைப் பாராட்டி எழுதுகிறவர்கள், எந்த மொழியில் எழுதினாலும், ஒரு பட்டியலை ஒப்பித்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இயற்கை மீது காதல், போர் மீது வெறுப்பு, துணிச்சலான சிறுமிகள், வானத்தில் பறத்தல், பார்த்தாலே பசியைக் கிளப்பும் சாப்பாடு. கடைசியில் ‘மனசுக்கு இதம்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பட்டியலில் உள்ள எதுவும் பொய்யில்லை. எல்லாமே படங்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து இவர்கள் வந்துசேரும் முடிவு இருக்கிறதே, அதுதான் பொய். இயந்திரம் கெடுத்துவைத்த உலகத்திலிருந்து நம்மைக் கைப்பிடித்து ஒரு பசுமையான, களங்கமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போகிறாராம் மியாசாகி. நாற்பது ஆண்டுகளாக அந்த மனிதர் எந்தக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாரோ அதையே அவர் திறந்துவைத்தார் என்று மாலை போடுகிறார்கள்.

இந்தப் பொதுக்கருத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 மார்ச்சில் பார்த்தோம். புகைப்படத்தைக் கொடுத்தால் சாட்ஜிபிடி அதை, மியாசாகியின் ஸ்டூடியோ பெயரால், ‘கிப்லி பாணி’ ஓவியமாக்கித் தந்தது. கல்யாண ஆல்பம், பிறந்தநாள் படம், அரசியல் தலைவர் படம் என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள்வரை அந்த வெளிர்நிற மென்மை வழிந்தோடியது. அதே நாட்களில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கு, குடியேற்றத் துறை அதிகாரிகள் கைதுசெய்த ஒரு பெண் விலங்கோடு அழுவதை அதே பாணியில் வரையவைத்து வெளியிட்டது. பலர் அதிர்ந்துபோனார்கள். கிப்லி என்றால் இதம் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்த பிறகு, கைவிலங்கையும் அதே இதத்தில் முக்கி எடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றியதில் என்ன அதிசயம்? அந்தக் கருவி திருடியது கோட்டையும் வண்ணத்தையும்தான். அவற்றுக்குள் வேறொன்றும் இருக்கிறது என்று ரசிகர்கள் முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாகத் திருட முடிந்திருக்காது.

மியாசாகியின் படங்களில் திரும்பத் திரும்ப வருவது எது? என் கணக்கில் அது ஒரு மறுப்பு. தூய்மையான உலகம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். கதையின் நாயகனோ நாயகியோ அதைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அழுக்கான இடத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

இதை மிக விரிவாக அவர் சொன்னது திரையில் அல்ல, காகிதத்தில். ‘நவ்சிகா’ படக்கதையை 1982இல் ‘அனிமேஜ்’ இதழில் தொடங்கினார். 1984இல் அதன் தொடக்கப் பகுதிகளை வைத்துப் படம் எடுத்தார். படக்கதை அதற்குப் பிறகு பத்தாண்டுகள், இடையில் நின்றும் தொடர்ந்தும், 1994வரை போனது. படத்தை மட்டும் பார்த்தவருக்குக் கதை எளிது. மனிதர் நஞ்சாக்கிய மண்ணைக் காடு சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. காட்டின் அடியில் தெளிந்த நீர், வெள்ளை மணல். காட்டைச் சும்மா விட்டால் ஒருநாள் எல்லாம் சரியாகிவிடும். சூழலியல் கருத்தரங்குகளில் போட்டுக்காட்ட இதைவிடத் தோதான படம் கிடைக்காது.

ஏழு தொகுதிப் படக்கதையின் முடிவைப் படித்தவர்கள் அந்தக் கருத்தரங்கிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். நச்சுக்காடு இயற்கையின் கருணையே அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அறிவாளிகள் சிலர் கூடித் திட்டமிட்டு உருவாக்கிய சுத்திகரிப்பு ஏற்பாடு. நவ்சிகாவின் காலத்து மனிதர்களும் அந்தத் திட்டத்தின்படி மாற்றப்பட்டவர்கள். நஞ்சுக்குப் பழகிய நுரையீரல் அவர்களுக்கு. சுத்தமான காற்று முழுதாக வந்துசேரும் நாளில் அவர்கள் இரத்தம் கக்கிச் சாவார்கள். ஷுவா என்ற இடத்திலிருக்கும் கல்லறை ஒன்றுக்குள், அந்த நாளுக்காகவே புதிய மனித குலத்தின் கருக்கள் காத்திருக்கின்றன. சண்டை தெரியாதவர்கள், சாந்தமானவர்கள், இசையும் கவிதையும் மட்டும் தெரிந்தவர்கள். நவ்சிகா என்ன செய்கிறாள்? அவற்றை அழிக்கிறாள். அதுவும் உலகத்தையே ஒருமுறை எரித்த அதே போர் ராட்சசனைக் கொண்டு. பிறகு தன் மக்களிடம் வந்து, நாம் எப்படியாவது வாழ்ந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்கிறாள். உள்ளே பார்த்ததை அவர்களிடம் மறைத்துவிடுகிறாள்.

இயற்கை நேசரின் கதையா இது? பசுமைப் பாசறையில் இந்தக் கதாநாயகிக்கு இடம் கிடைக்குமா? இந்த யோசனையின் விதை ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் இருக்கிறது. அங்கே தொழிற்சாலைப் பாதரசம் கலந்து, மீன் தின்றவர்கள் முடங்கியும் இறந்தும் போனார்கள். அங்கே மீன்பிடிப்பது நின்றது. சில ஆண்டுகள் கழித்து, உடம்பில் நஞ்சைத் தாங்கியபடியே மீன் கூட்டங்கள் அந்தக் கடலுக்குத் திரும்பிவந்தன. அந்தச் செய்தி தன்னை உலுக்கியதாக மியாசாகி சொல்லியிருக்கிறார். சுத்தமாகிவிட்ட கடல் என்பது அவர் கற்பனையில் எங்கும் இல்லை. விஷத்தோடு வாழக் கற்ற மீன்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

1985இல் ‘நவ்சிகா’ படம் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கிருந்த நிறுவனம் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, வேறு பெயர் சூட்டி, ராட்சதப் பூச்சிகளை வில்லன்களாக்கிவிட்டது. ரசிகர்கள் இன்றும் அந்த வெட்டுக்குத் திட்டித் தீர்க்கிறார்கள். பூச்சிகளைக் கெட்டவையாக்கியவர்களைத் திட்டுகிறவர்கள், அவற்றைப் புனிதமாக்கித் தாங்கள் போடும் வெட்டைக் கவனிப்பதில்லை.

‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) பற்றிச் சொல்லப்படுவதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. காட்டுக்கும் மனிதப் பேராசைக்கும் நடக்கும் போர் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். பேராசை என்று அவர்கள் குறிப்பிடுவது எபோஷி அம்மையாரின் இரும்பு உலைக் குடியிருப்பை. அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். விலைமாதர் இல்லங்களிலிருந்து எபோஷி பணம் கொடுத்து மீட்டுவந்த பெண்கள் உலைத் துருத்தியை மிதிக்கிறார்கள். ஒரு முறை உலை மூட்டினால் நாலு நாள், ஐந்து ராத்திரி மிதிக்க வேண்டும். இருந்தாலும் அவர்கள் வாய் ஓயாமல் ஆண்களைக் கிண்டலடிக்கிறார்கள். பழைய இடத்தைவிட இது எவ்வளவோ மேல் என்கிறார்கள், இங்கே வயிறு நிறையச் சோறு உண்டு, ஆண்கள் தொந்தரவு இல்லை. துப்பாக்கி செய்கிறவர்கள் தொழுநோயாளிகள். உடம்பெல்லாம் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் ஒரு முதியவர், அழுகும் எங்கள் சதையைக் கழுவிக் கட்டுப்போட்டு எங்களையும் மனிதராக மதித்தவர் இவர் ஒருவரே, கொன்றுவிடாதே என்று நாயகன் அஷிடாகாவிடம் கெஞ்சுகிறார். அஷிடாகாவின் கையில் ஏறிய சாபத்துக்கு மூலம் அந்த அறையில் செய்த துப்பாக்கியின் குண்டு.

மியாசாகியின் வீட்டுப் பக்கத்தில், ஹிகாஷிமுராயாமாவில், தாமா ஜென்ஷோயென் என்ற தொழுநோயாளர் இல்லம் இருக்கிறது. அங்கே போய்வந்த பாதிப்பில்தான் அந்தப் பாத்திரங்களை எழுதியதாக அவர் பேசியிருக்கிறார். தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைக்கும் சட்டத்தை ஜப்பான் நீக்கியதே 1996இல்தான். படம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. தன் நாட்டில் இப்படி ஒதுக்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து, காட்டை அழிக்கும் துப்பாக்கியை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார் இயக்குநர். காடு பக்கம் நின்றால் அவர்களுக்கு எதிராக நிற்க வேண்டும். அவர்கள் பக்கம் நின்றால் ஓநாய்த் தாய் மோரோவின் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்தச் சிக்கலில் பார்வையாளர் நெளிய வேண்டும் என்பதற்காகவே இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறது படம். ‘பேராசை’ என்ற ஒரு சொல் அந்த நெளிவிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு பிரபலம்.

படத்தின் முடிவையும் தப்பாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். காட்டுத் தெய்வம் விழுகிறது, மலைகள் பச்சையாகின்றன, மங்களம். ஆனால் ஓநாய்கள் வளர்த்த பெண் சான் அந்தப் பச்சையைப் பார்த்து, துளிர்த்தாலும் இது இனிமேல் அந்தத் தெய்வத்தின் காடில்லை என்கிறாள். மனிதர்களை மன்னிக்க முடியாது என்றும் சொல்கிறாள். அஷிடாகாவோ இரும்புக் குடியிருப்பிலேயே தங்கி வேலை செய்யப்போகிறான். உலை மறுபடி எரியும், அதற்குக் கரி வேண்டும், மரம் விழும். எபோஷி சாகவுமில்லை, திருந்தி அழவுமில்லை. ஒரு கையை இழந்து, நல்ல ஊராகக் கட்டுவோம் என்று வேலைக்குக் கிளம்புகிறாள். அஷிடாகா நிற்கும் இடம் அவளோடுதான்.

‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988) படத்தையாவது விட்டுவிடுங்கள், அது சொர்க்கம்தானே என்று கேட்பார்கள். டோட்டோரோ வாழும் இடம் மனிதர் காலடி படாத காடல்ல. டோக்கியோவுக்கு மேற்கே சயாமா குன்றுகளின் சாயலில் வரைந்த நிலம் அது. விறகுக்கு வெட்டியும், சருகு பொறுக்கி வயலுக்கு உரமாக்கியும், தலைமுறை தலைமுறையாக உழவர்கள் பராமரித்துவந்த காடு. ஊரார் வேலையை நிறுத்தினால் அந்தக் காடே வேறாகிவிடும். இன்னொன்று: மருத்துவமனையில் கிடக்கும் தாயை டோட்டோரோ குணப்படுத்துவதில்லை. அம்மா இல்லாத வீட்டில் சமைத்து, தங்கைக்கும் அப்பாவுக்கும் மதியச் சாப்பாடு கட்டிவைப்பவள் மூத்த மகள் சாட்சுகி. மியாசாகியின் சொந்தத் தாய் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். அதிசயத்தை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பது அந்த மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

‘போன்யோ’வை (2008) வைத்து மடக்கலாம் என்றால் அதையும் பார்த்துவிடலாம். மனிதர்கள் கடலை நாசம் செய்கிறார்கள் என்று அதில் சதா புலம்புகிறவர் போன்யோவின் அப்பா புஜிமோட்டோ. மனிதர் காலத்தை முடித்துவிட்டுப் பழைய கடல் யுகத்தைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறார். பசுமை ரசிகர்கள் மியாசாகியின் வாயில் திணிக்கும் வசனங்களைப் படத்தில் பேசுகிறவர் அவர்தான். அவரைக் கோமாளியாக்கி வைத்திருக்கிறார் இயக்குநர். மகளோ பன்றி இறைச்சித் துண்டைக் கவ்விக்கொண்டு மனுஷியாகப் போகிறேன் என்று நிற்கிறாள்.

தூய உலகத்தை மறுத்தவர்கள் எங்கே போகிறார்கள்? வேலைக்குப் போகிறார்கள். பாராட்டுப் பட்டியல்களில் எப்போதும் விடுபட்டுப்போவது இந்த வேலை. 1963இல் தோயே அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்த மியாசாகி, அடுத்த ஆண்டே தொழிற்சங்கச் செயலாளர் ஆனவர். அங்கே அவருக்குத் தோழராக நின்றவர், பின்னாளில் கிப்லியை அவரோடு சேர்ந்து நிறுவிய இசாவோ தகஹாட்டா. ‘லபூட்டா’வுக்கு (1986) இடம் தேடி வேல்ஸ் போனபோது, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தோற்ற ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தார்; படத்தின் நாயகன் பாசு சுரங்கத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பையன். வானத்தில் மிதக்கும் தோட்டக் கோட்டை அவன் கைக்கு வருகிறது. அதைத் தகர்க்கும் மந்திரத்தை அவனும் தோழி ஷீட்டாவும் கைகோத்துச் சொல்கிறார்கள். இன்னொரு படத்தின் கிகி சூனியக்காரி, பறக்கும் வரத்தை வைத்துப் பார்சல் கொடுத்துப் பிழைக்கிறாள். ‘போர்கோ ரோஸோ’வில் நொறுங்கிய விமானத்தை மிலான் பட்டறையில் பாட்டிகளும் அத்தைகளுமாகச் சேர்ந்து கட்டித் தருகிறார்கள்.

‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) முழுக்க முழுக்க வேலை பற்றிய படம். பெர்லினில் தங்கக் கரடி, பிறகு ஆஸ்கர், ஜப்பானில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் முறியடிக்கப்படாத வசூல் சாதனை என்று அதன் பெருமைகள் ஊரறிந்தவை. பத்து வயதுச் சிஹிரோவுக்கு அந்த ஆவியுலகில் உயிர் தப்ப ஒரே வழி, எனக்கு வேலை கொடுங்கள் என்று விடாமல் கேட்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் முதலாளி யுபாபா அவள் பெயரிலிருந்து எழுத்துகளைப் பிடுங்கிக்கொள்கிறாள். சிஹிரோ தரை துடைக்கிறாள், தொட்டி தேய்க்கிறாள். சேறாக நாறிக்கொண்டு வரும் ஆற்றுத் தெய்வத்தின் உடம்பிலிருந்து சைக்கிளையும் குப்பையையும் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஆறு தூர்வாரிய சொந்த அனுபவத்திலிருந்து வந்த காட்சி அது. அவளுடைய தோழன் ஹாக்கு ஒரு ஆறு. அடுக்குமாடிக் குடியிருப்புக்காக மூடப்பட்ட ஆறு. அவன் பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆறு கிடைப்பதில்லை. அந்தக் கட்டடங்களை இடிக்க எந்த மந்திரமும் வருவதில்லை. குளியல் விடுதியும் மூடப்படுவதில்லை. மறுநாளும் அங்கே விளக்கு எரியும், சக ஊழியை லின் அங்கேயேதான் வேலை பார்ப்பாள்.

இந்தச் சுத்தமற்ற முடிவுகளை அவர் கைவிட்ட இடமும் உண்டு. ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ (2004) படத்தில் ஊர்களையே எரித்த போர், சூனியக்காரி ஒருத்தியின் ஒற்றை வசனத்தில் முடிந்துபோகிறது. ஈராக் போர் மீதிருந்த கோபத்தில் ஆஸ்கரை வாங்கக்கூட அமெரிக்கா போகாதவர், அந்தக் கோபத்தைத் திரையில் இப்படி அவசரமாக மடித்துவைத்தது வியப்புதான். அவர் படங்களில் எனக்கு மிகப் பலவீனமாகப் படுவது அது. ‘போர் எதிர்ப்பு’ என்று அதிகம் கொண்டாடப்படுவதும் அதுவே.

போர் எதிர்ப்பாளர் என்ற பட்டம் வேறொரு இடத்தில் உண்மையாகவே இடிக்கிறது. மியாசாகியின் குடும்ப நிறுவனம் ஜீரோ போர் விமானத்துக்குப் பாகங்கள் செய்து கொடுத்தது. தந்தை அதன் நிர்வாகத்தில் இருந்தார். போர்க்காலத்தில் குடும்பத்துக்குப் பஞ்சமில்லை. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகரத்தில் குண்டுமழை பொழிந்த இரவில் அவர்கள் லாரியில் தப்பினார்கள். குழந்தையோடு ஓடிவந்த ஒருவர் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியும் வண்டி நிற்காமல் போனதை, அப்போது நாலு வயதுப் பையனாக உள்ளே இருந்த மியாசாகி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து விமானங்களை வெறுத்திருந்தால் கதை ஒழுங்காக இருந்திருக்கும். அவர் விமானப் பித்தராக வளர்ந்தார். ஸ்டூடியோவுக்கே, லிபியாவில் இத்தாலியக் காலனிப் படை ஓட்டிய கப்ரோனி விமானம் ஒன்றின் பெயரை வைத்தார்.

‘தி விண்ட் ரைசஸ்’ (2013) வந்தபோது இந்த முரண்பாடு எல்லோருக்கும் தொண்டையில் சிக்கியது. ஜீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷி அதில் நாயகன். அரசமைப்பைத் திருத்தாதே என்று மியாசாகி எழுதியதற்காக ஜப்பானிய வலதுசாரிகள் துரோகி என்றார்கள். கொரியாவிலிருந்து, போர்க்கருவி செய்தவனுக்குக் காவியமா என்ற கேள்வி வந்தது. இந்தக் கேள்வி நியாயமானது. அந்த விமானம் முதலில் சண்டையிட்டது 1940இல், சீனாவின் சோங்கிங் வானில்; அந்த மக்களின் முகம் படத்தில் இல்லை. இதைப் பூசி மெழுகும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் படம் தன் நாயகனை மன்னிக்கிறது என்பதும் சரியில்லை. விமானத்துக்குக் கொட்டும் பணத்தில் நாட்டின் பட்டினிக் குழந்தைகளுக்குச் சோறு போடலாம் என்று நண்பன் ஹொன்ஜோ முகத்துக்கு நேரே சொல்கிறான். ஜிரோ கேட்டுக்கொண்டு வரைபடத்துக்குத் திரும்புகிறான். அதிநவீன விமானத்தை ஓடுபாதைக்கு இழுத்துப்போவது மாடுகள். காசநோய் மனைவி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, மறுகையால் வேலை செய்கிறான். அங்கேயே சிகரெட்டும் பிடிக்கிறான். கடைசிக் கனவில், போன விமானம் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்கிறான். அழகைச் செய்யத் தெரிந்தவன் அந்த அழகு எதற்குப் பயன்படும் என்று தெரிந்தும் செய்கிறான். தன் தகப்பனைப் பற்றி, தன்னைப் பற்றி, மியாசாகி இதைவிடக் கடுமையாக எங்கும் எழுதியதில்லை. நூறு விழுக்காடு போர் எதிர்ப்பாளர் ஒருவரால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது.

கடைசியாக, அவர் அரைத்த மாவையே அரைக்கிறார் என்பவர்களுக்கு. ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ (2023) வந்தபோது இந்தக் குரல் பலமாகக் கேட்டது. மீண்டும் மருத்துவமனையில் தாய், மீண்டும் விமானப் பாகம் செய்யும் தந்தை, மீண்டும் மறு உலகம், மீண்டும் கிழவிகள். சரிதான், எல்லாமே பழசு. கோபுரத்துக்குள் இருக்கும் பெரிய மாமா சிறுவன் மஹிட்டோவிடம் பதின்மூன்று கற்களை நீட்டுகிறார். தீமை தீண்டாத கற்கள். இவற்றை அடுக்கி நீயே ஒரு தூய உலகம் செய்துகொள் என்கிறார். தன் தலையில் கல்லால் தானே குத்திக்கொண்ட தழும்பைக் காட்டி, என் உள்ளேயே தீமை இருக்கிறது, நான் தொட மாட்டேன் என்கிறான் பையன். நவ்சிகாவின் கல்லறை, லபூட்டாவின் தோட்டம், அதே மறுப்பு.

மாறியிருப்பது, அந்த உலகத்தை நீட்டுகிறவர். லபூட்டாவில் அதற்கு ஆசைப்பட்டவன் அதிகார வெறியன் முஸ்கா. ஷுவா கல்லறையில் இருந்தது மனிதரை எடைபோடும் ஒரு செயற்கை மூளை. இரண்டையும் அழிப்பதில் நமக்குச் சங்கடமில்லை. 2023இல் நீட்டுகிறவர் களைத்துப்போன ஒரு கலைஞர். ஆயுள் முழுக்கக் கற்பனை உலகம் ஒன்றைக் கட்டிக் காத்தவர், வாரிசு கிடைக்காதவர். அவருடைய உலகத்திலும் பறவைகள் பட்டினி கிடந்து பிஞ்சு உயிர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. நாங்கள் கேட்டா எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்கிறது சாகக் கிடக்கும் ஒரு கூழைக்கடா. எண்பது வயது கடந்த இயக்குநர் தன் சாயலில் ஒரு முதியவரை வரைந்து, அவர் வாழ்நாள் வேலையை ஒரு சிறுவன் வேண்டாம் என்று சொல்லவைத்து, கோபுரத்தையும் இடியவிடுகிறார். பையன் போர் நடக்கும் ஜப்பானுக்கு, சித்தியைக் கூட்டிக்கொண்டு, விமான விதானங்கள் செய்யும் அப்பாவிடம் திரும்புகிறான். இதில் எந்தப் பழைய படத்தின் நகல் இருக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். ஓய்வு பெறுவதாக 2013இல் அறிவித்திருந்த மியாசாகியோ, இந்தப் படம் வந்த பிறகும் புதுப்பட யோசனைகளோடு ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று அந்தச் செப்டம்பரில் கிப்லி நிர்வாகி ஒருவர் டொராண்டோ திரைப்பட விழாவில் சொன்னார்.